ஒரு நாள் மலை நடைக்கு என்ன பை? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்பிமலைக்குப் போவமா என்று யாராவது ஒருவர் வாய் திறந்தால் போதும், அடுத்த நாளே என் போனில் பைப் படங்கள் வந்து விழும். "மச்சான், இது காணுமா?" "அண்ணா, இதில் எத்தனை லீற்றர் இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப் போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். காலையில் ஏறி, பின்னேரம் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்கிற நடைக்கு மட்டும்தான் இது. கூடாரம் அடித்துத் தங்குவது வேறு கணக்கு.

பள்ளிக்கூடப் பை இருக்கிறதே, அது போதாதா?

இரண்டு மணி நேர நடை, ஒரு போத்தல் தண்ணீர் என்றால் தாராளமாகப் போதும், வீண் செலவு வேண்டாம். முழு நாளுக்குப் போதாது. இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். முதல் தடவை குடும்பிமலைக்கு நான் கொண்டு போனது ஓ.எல். படித்த காலத்துப் பை. அதற்குள் ஒன்றரை லீற்றர் போத்தல் மூன்று, சோத்துப் பார்சல், ஒரு சாரம், துவாய். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு கல்லாகக் குதிக்கக் குதிக்க இடது தோள் வாரின் மேல் தையல் நூல் நூலாகப் பிரிந்து, அடிவாரம் தெரிகிற இடத்தில் 'சட்'டென்று விட்டது. மிச்சத் தூரத்துக்கு அந்தச் சாரத்தைத்தான் முறுக்கி வாராகக் கட்டினேன். சின்னம்மாவின் மகன் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தான்.

தையல் விட்டது ஒரு பக்கம். பள்ளிக்கூடப் பைக்கு இடுப்புப் பட்டி கிடையாது, முதுகுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும், பாரம் கீழே தொங்கி ஆளைப் பின்னால் இழுக்கும். கொப்பியும் புத்தகமும் தட்டையாக முதுகோடு ஒட்டி நிற்கும், தண்ணிப் போத்தல் அப்படி நிற்காது, உருளும்.

சரி, எத்தனை லீற்றர் பை வாங்குவது?

பைக்குள் எவ்வளவு இடம் என்பதை லீற்றரில்தான் சொல்வார்கள். 20க்கும் 28க்கும் நடுவில். ஒரே ஒரு பைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 25.

இதைப் பைக் கடைக்காரர் சொல்கிற மாதிரிப் பார்க்காமல் தண்ணீரிலிருந்து பாருங்கள். குளிர் நாட்டுக்காரர் எழுதுகிற பட்டியல்களில் பாதி இடத்தைக் கம்பளி உடுப்புப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஒன்றோ ஒன்றரையோ லீற்றர்தான். நமக்கு அது தலைகீழ். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கிறபோது வெறும் பாறையில் ஏறுகிற ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர் என்பது குறைந்த கணக்கு. ஆறேழு மணி நேர நடைக்கு 3 லீற்றர், வெயில் உச்சம் என்றால் 4. லீற்றருக்கு ஒரு கிலோ, அதில் பேரம் பேச முடியாது. அதாவது உங்கள் பையில் பாதிப் பாரம் தண்ணீர், மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வருகிற சாமான். பையை அந்தத் தண்ணீருக்காக வாங்குங்கள்.

40 லீற்றர் வாங்கினால் எல்லாத்துக்கும் உதவுமே என்று நினைப்பவர்களுக்கு: வெறும் இடத்தைப் பார்த்தால் மனிசனுக்குக் கை சும்மா இராது. இரண்டாவது துவாய், புளுடூத் ஸ்பீக்கர், யாருக்கோ ஒருவருக்குக் குடை என்று நிரம்பிவிடும். நிரப்பாமல் விட்டாலும் உள்ளே சாமான் ஆடி ஆடி ஒவ்வொரு அடியிலும் ஆளைத் தள்ளும்.

பையில் லீற்றர் எழுதியில்லை, அல்லது எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல் டேப்பால் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுங்கள். 48 × 28 × 18 என்றால் ஏறத்தாழ 24 லீற்றர். மேலே வளைந்து குறுகுகிற பைக்குக் கொஞ்சம் கழியுங்கள். கடைகளில் '50 லீற்றர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு பையை இப்படி அளந்து பார்த்தேன், 32 கூட வரவில்லை.

முதுகு நீளம் என்று சொல்கிறார்கள், அது என்ன?

ஆளின் உயரத்துக்கும் பைக்கும் சம்பந்தம் குறைவு, முதுகின் நீளத்துக்கும் பைக்கும்தான் சம்பந்தம். நெட்டை ஆளுக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்து முடிகிற இடத்தில் ஒரு எலும்பு புடைத்து நிற்கும், அது ஒரு முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துப் பெருவிரல்களைப் பின்னுக்கு நீட்டினால் அவை முதுகில் ஒரு நேர்கோட்டில் வரும், அந்தக் கோடு மறுமுனை. இடையிலுள்ள தூரத்தை வேறு ஒருவர் அளக்க வேண்டும், தானாக அளந்தால் பிழைக்கும்.

பெரிய பைகளில் இந்த நீளத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். 25 லீற்றர்ப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும், ஆகவே அளந்த இலக்கத்தை வைத்துக்கொண்டு கடையில் சண்டை பிடிக்காமல் ஒன்றை மட்டும் பாருங்கள்: பையைப் போட்டால் இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் வந்து உட்காருகிறதா, இல்லை தொப்புளுக்கு மேலே வயிற்றில் நிற்கிறதா? வயிற்றில் நின்றால் அந்தப் பை உங்களுக்குக் குட்டை. நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இடுப்புப் பட்டி உண்மையிலேயே தேவையா? எல்லாரும் அதை வெட்டி எறிகிறார்களே?

பையில் 3 கிலோதான் என்றால் வெட்டியவர்கள் சொல்வது சரி. 5, 6 கிலோவுக்குத் தேவை.

எங்கள் அம்மம்மா உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பொட்டணத்தைத் தலையில் வைத்து நடந்தவ. சுமாட்டைச் சுற்றி வைத்து, கையை வீசிக்கொண்டு. என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன மனே, தோளில ரெண்டு கயிறு, தோளா சுமக்கிறது?" என்று கேட்டா. அந்தக் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. தலையில் வைத்த பாரம் முள்ளந்தண்டு வழியாக நேரே இடுப்புக்கும் காலுக்கும் போய்விடும். தோள் வாரில் தொங்குகிற பாரம் கழுத்துச் சதையைத்தான் பிடித்து இழுக்கும். இடுப்புப் பட்டியைச் சரியாகக் கட்டினால் பாரத்தின் பெரும் பங்கு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும், தோள் வார் பையை முதுகோடு பிடித்து வைத்திருந்தால் போதும்.

வெறும் நாடா மாதிரி ஒரு விரல் அகலத்தில் வருகிற பட்டி பாரத்தைச் சுமக்காது, பை ஆடாமல் மட்டும் பிடிக்கும். பஞ்சு வைத்து நாலு விரல் அகலத்தில் வருவதைத் தேடுங்கள்.

கடையில் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும். ஆகவே பாரம் வைத்துப் பாருங்கள். நான் போகும்போது ஒன்றரை லீற்றர்த் தண்ணிப் போத்தல் மூன்றைக் கையில் கொண்டு போவேன். கல்முனையில் ஒரு கடையில் பெடியன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டி: பக்கிளைப் பூட்டி, இடுப்பெலும்பின் விளிம்பைப் பட்டி நடுவில் மூடும்படி வைத்து இறுக்குங்கள். அதன் பிறகு தோள் வார், பை முதுகில் ஒட்டும் வரைக்கும் மட்டும். கடைசியாக நெஞ்சுப் பட்டி, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, மூச்சு முட்டாத அளவில். நிறையப் பேர் தோள் வாரை முதலில் இறுக்குகிறார்கள், அப்படிச் செய்தால் பை மேலே ஏறி இடுப்புப் பட்டி வயிற்றுக்கு வந்துவிடும், பிறகு பையைக் குறை சொல்வார்கள்.

இப்போது பத்து நிமிசம் கடைக்குள் நடவுங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள். தலையை நிமிர்த்தி மேலே பார்க்கும்போது பின்மண்டை பையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். பாறை ஏறுகிறவர் மேலே பார்த்துத்தானே ஏற வேண்டும்.

பெரிய பெயர் போட்ட பையா, சும்மா பையா?

சந்தையில் பெரிய பெயர் தைத்து வருகிற மலிவான பைகளில் கன பேர் பார்ப்பது அந்தப் பெயரைத்தான், பார்க்க வேண்டியது தையலை. தோள் வார் பையோடு சேருகிற இடத்தை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு கோடு தையல் ஓடியிருந்தால் வேண்டாம். பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால், அல்லது அதே இடத்தில் அடர்த்தியாகப் பல தடவை அடித்திருந்தால் நம்பலாம். சிப்பைப் பத்துத் தரம் இழுத்துப் பாருங்கள், மூலையில் சிக்குகிற சிப் மலையில் பிளந்துகொள்ளும். பையின் வெறும் பாரம் ஒரு கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். வார் தைத்த இடங்களைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுக்கொண்டால் சும்மா பையும் பல வருசம் உழைக்கும். முதுகுப் பக்கம் தொளதொள என்றால் பழைய போம் (foam) பாயில் ஒரு துண்டை முதுகளவுக்கு வெட்டி உள்ளே நிறுத்துங்கள். போத்தல் முதுகில் குத்தாது, இளைப்பாறும்போது அதையே எடுத்துக் கல்லில் போட்டு உட்காரலாம்.

எதை எங்கே வைப்பது?

பாரமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வருகிற உயரத்தில். நம் விசயத்தில் அது தண்ணீர். அடியில் இலேசான, கடைசியில் தேவைப்படுகிற சாமான்: மாற்று உடுப்பு, துவாய். வெளிப்பக்கம் மழை அங்கி. மேல் சிப்பில் அடிக்கடி எடுக்கிற சின்னச் சாமான்.

போத்தல்களை ஒரே பக்கத்தால் குடித்து முடிக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் பை ஒரு பக்கம் சரியத் தொடங்கும். இடமும் வலமும் மாறி மாறி.

டோர்ச் எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டும் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் ஆறு மணி கழிந்தால் மளமளவென்று இருண்டுவிடும், அந்த நேரம் அடியில் கிடக்கிற டோர்ச்சைத் தேடி எல்லாவற்றையும் கல்லில் கொட்டுவது ஒரு பெரிய பகிடி.

தண்ணிப் போத்தலா, குழாய் வைத்த தண்ணிப் பையா?

நான் போத்தல் கட்சி. குழாயில் உறிஞ்சினால் நிற்காமல் குடிக்கலாம், அது உண்மை, ஆனால் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. காலி என்று தெரிகிறபோது உச்சியில் நிற்பீர்கள். கழுவிக் காயவைக்காவிட்டால் குழாய்க்குள் பூஞ்சணமும் பிடிக்கும். கடையில் வாங்குகிற ஒன்றரை லீற்றர்ப் போத்தல் பாரமில்லாதது, உடைந்தாலும் கவலையில்லை. இரண்டு பெரிய போத்தல் உள்ளே, ஒரு சின்னப் போத்தல் பக்கப் பொக்கற்றில். பக்கப் பொக்கற்றிலிருந்து பையைக் கழற்றாமல் கை போட்டு எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். எட்டாவிட்டால் சோம்பலில் தண்ணீர் குடிக்காமல் நடப்பீர்கள், தலையிடி வரும்.

வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்தாலும் உடம்பில் உப்புக் குறைந்து சோர்வு வரும். ஒரு ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) பையில் கிடக்கட்டும், பக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். உப்புப் போட்ட கச்சானும் உதவும் (காற்றும் கச்சான், கடலையும் கச்சான், இரண்டும் நடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை).

சாப்பாடு?

தேங்காய் போட்டது எதுவும் பையின் சூட்டில் மத்தியானம் வரை தாங்காது. நான் கொண்டு போவது தேங்காய் போடாத ரொட்டியும் கட்டச்சம்பலும், அவித்த முட்டை, பேரீச்சம்பழம். சோத்துப் பார்சல்தான் வேண்டும் என்றால் சின்னப் பெட்டியில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். பருப்பாணம் ஒழுகின பையை மூன்று தரம் கழுவினேன், இன்னும் மணக்கிறது.

முதுகு தெப்பமாக நனைகிறது. வலை வைத்த பை வாங்கினால் வேர்க்காதா?

வேர்க்கும். பைக்கும் முதுகுக்கும் நடுவே வலையை இழுத்துக் கட்டி இடைவெளி விட்ட பைகளில் காற்று கொஞ்சம் ஓடும், இறக்கிவைத்த பிறகு சட்டை சீக்கிரம் காயும், அவ்வளவுதான். பதிலுக்குப் பாரம் முதுகை விட்டு இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப்போகும், உள்ளே இடமும் வளைந்து குறுகும். நம் பக்கத்து வெக்கைக்கு நான் வலைதான் வாங்குவேன். ஆனால் வேர்வை நிற்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

மழைக்குக் கவர் போட்டால் போதாதா?

போதாது. கவர் வெளிப்பக்கத்தைத்தான் மூடும். மழைத் தண்ணீர் கழுத்தால் இறங்கி முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, முதுகுப் பக்கத்தால் உள்ளே ஊறும். தடித்த கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். போன், காசு, அடையாள அட்டைக்கு இன்னொரு சின்ன சொப்பின் பை.

மார்கழியில் போக வேண்டாம் என்பது என் எண்ணம். குடும்பிமலைக்குப் போகிற வழியில், கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதி வெள்ளத்தில் மூழ்குகிற காலத்தில் பை நனைவதா பெரிய பிரச்சினை?

இன்னொன்று, ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே வாசலிலேயே பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றச் சொல்வார்கள். பிஸ்கற்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டு போங்கள். அங்கே காலையில் பல்லுக் கிட்டும் குளிர், நம்மூர்ப் பட்டியலில் ஒரு ஜம்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சல்வார், அபாயாவுக்கு மேலே இடுப்புப் பட்டி கட்டினால் உரசுகிறதே?

தங்கச்சிமார் எல்லாரும் கேட்கிறது. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி கண்டுபிடித்த வழி: பட்டியைப் பூட்டின பிறகு, பட்டிக்குக் கீழே இருக்கிற துணியை மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்து, பட்டிக்கு அடியில் மடிப்பே இல்லாமல் ஆக்குவது. உரசுவது பட்டி இல்லை, அதற்குள் சிக்கின மடிப்பு. பிறகு மேல் பக்கத் துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துத் தளர்த்திவிட்டால் காலை எட்டி வைக்கலாம். மணி, கல் வைத்த வேலைப்பாடு இடுப்பில் வருகிற உடுப்பு வேண்டாம்.

பெண்களுக்கென்று வருகிற பைகளில் முதுகு குட்டையாக, வார் வளைந்து இருக்கும். பொருந்தினால் ஆண்களும் வாங்கலாம், குட்டை முதுகுக்காரரான என் நண்பர் ஒருவர் அதைத்தான் போடுகிறார்.

மொத்தம் எத்தனை கிலோ சுமக்கலாம்?

உடம்புப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு நாள் நடைக்கு வழக்கமாகச் சொல்கிற கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6. தண்ணீர் 3, வெறும் பை ஒரு கிலோ, சாப்பாடு முக்கால், மிச்சத்தில் மழை அங்கி, டோர்ச், பவர் பாங்க், மருந்து, மாற்றுச் சட்டை எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும். ஸ்பீக்கர் அடங்காது. 4 லீற்றர் கொண்டு போகிற நாளில் இந்தக் கணக்கு ஒரு கிலோ தாண்டும், தாண்டட்டும், தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பையைக் கண்ட இடத்தில் இறக்கி வைக்கலாமா?

புல்லில் வைக்காதீர்கள், உண்ணி ஏறும், பையோடு வீட்டுக்கும் வரும். வெறும் பாறையில் வையுங்கள். திறந்த பையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனால் குரங்கு அதை உங்களை விட நேர்த்தியாகப் பிரிக்கும். யானை நடமாடுகிற காட்டுக்குள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிதறி உட்காரவும் வேண்டாம்.

வீட்டில் வைத்த பை உள்ளே பிசுபிசுக்கிறது, ஏன்?

துணியின் உட்பக்கத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசியிருக்கிற பூச்சு ஈரப்பதத்தில் உடைந்து போவதால். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் அலுமாரிக்குள் அடைத்து வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். பிசுபிசுப்பு வந்தபின் திருப்ப முடியாது, வராமல் பார்க்கலாம். நடை முடிந்த அன்றே பையைக் கவிழ்த்துத் தட்டி, வேர்வை உப்புப் படிந்த வாரையும் முதுகுப் பக்கத்தையும் இலேசான சவர்க்காரத் தண்ணீரில் கையால் கழுவி, நிழலில் காயப்போட்டு, காற்றுப் படுகிற இடத்தில் கொளுவி வையுங்கள். மெசினில் போடாதீர்கள். சிப்பில் மணல் புகுந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள்.

குடும்பிமலையும் குடும்பிகலவும் ஒன்றா?

இல்லை, இதைக் குழப்பிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினவர்கள் இருக்கிறார்கள். தொப்பிகல என்றும் சொல்கிற குடும்பிமலை மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானிலிருந்து உள்ளே போக வேண்டும். குடும்பிகல அம்பாறை மாவட்டத்தில், பாணமைக்கும் உகந்தைக்கும் நடுவில்.

இதே பையோடு கதிர்காமப் பாதயாத்திரை போகலாமா?

உகந்தையிலிருந்து காட்டு வழியாகப் பல நாள் நடை, படுக்கை, அரிசி, சமையல் சாமான் எல்லாம் கூட வரும். 25 லீற்றர் காணாது, 40க்கு மேல் வேண்டும், அல்லது ஐந்தாறு பேர் சாமானைப் பங்கு போட வேண்டும். பையைக் கட்டுகிற முறை ஒன்றுதான். கூடுதலாக ஒன்று: குமுக்கன் ஆறு மாதிரித் தண்ணீரைக் கடக்கும் முன் இடுப்புப் பட்டி, நெஞ்சுப் பட்டி இரண்டையும் கழற்றி, தோள் வாரையும் தளர்த்திவிடுங்கள். கால் வழுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழும்பலாம். பூட்டின பை தண்ணீர் ஊறி ஆளைக் கீழே பிடித்துக்கொள்ளும்.